மூடை உடைத்த நாளைத் தேடுங்கள்: மீன்தூள், இறைச்சித்தூள் கலந்த கோழித் தீனில் வரும் கோளாறுகள்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். கச்சான் காற்று வீசி, மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையே வறண்டு கிடந்தது. முற்றத்து மண் காலைச் சுட்டது. கயிற்றில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்தது. ஆனால் என் கோழிக் கொட்டகைக்குள் மட்டும் உமிக் கூளம் மாரியில் நனைந்ததுபோல் சொதசொதவென்று கிடந்தது. கழிச்சல் நோய் என்று நானே முடிவு செய்து, மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தேன். கூளத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்பினேன். மூன்றாம் நாள் அதுவும் ஊறிவிட்டது. அதற்குள் குஞ்சுகள் சாகத் தொடங்கியிருந்தன. ஒன்பதாம் நாள்தான் தீன் கொப்பியைப் புரட்டினேன். கூளம் நனையத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு புதிய மீன்தூள் மூடை ஒன்றை உடைத்திருந்தேன். விற்பனைக்கு உதவாத உப்புக் கருவாட்டை அரைத்து, மீன்தூள் என்று கட்டி விற்ற மூடை அது.

அதன் பிறகு கோழிக்கு வருத்தம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசி மூடையை எந்தத் தேதியில் உடைத்தீர்கள்?

சோளம் மூடைக்கு மூடை பெரிதாக மாறுவதில்லை. மீன்தூள் மாறும். எந்த மீன், கரைக்கு வந்த பிறகு எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, மணலில் காய்ந்ததா படங்கில் காய்ந்ததா, உப்புப் போட்டதா, நெருப்பில் வாட்டியதா என்ற ஒவ்வொன்றும் மூடைக்குள் வந்து சேர்கிறது. வாழைச்சேனையில் வாங்கியதும் ஒலுவிலில் வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஆளிடம் தை மாதம் வாங்கியதும் ஆடி மாதம் வாங்கியதும்கூட ஒன்றாக இருக்காது. இறைச்சிக் கழிவு, இரத்தம், இறகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியையும் மூடையுடன் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோழிகள் ஒரே நாளில் கொத்தாகச் சாகின்றன என்றால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் உங்கள் பிரதேச மிருக வைத்தியரை அழையுங்கள். செத்த கோழி ஒன்றைக் குளிரில் வைத்திருந்து காட்டுங்கள்.

அறிகுறிக்குப் போகும் முன்

கொப்பியில் மூடை உடைத்த தேதியை எழுதுங்கள். உடைத்த ஒவ்வொரு மூடையிலிருந்தும் அரைக் கிலோவை எடுத்து, காய்ந்த போத்தலில் அடைத்து, தேதி ஒட்டி வையுங்கள். மூடை தீர்ந்து ஒரு மாதம் ஆகும் வரை அந்தப் போத்தலை எறிய வேண்டாம். கோளாறு தெரியும் நேரத்தில் மூடை பெரும்பாலும் காலியாகியிருக்கும். சாட்சி அந்தப் போத்தல்தான்.

எது இயல்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மீன்தூளில் புரதம் 60 முதல் 65 சதவீதம். நம் கரையோரத்தில் சிறு மீனையும் கழிவையும் காயவைத்து அரைப்பதில் 40க்கும் 55க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். இறைச்சி எலும்புத் தூளில் புரதம் 45 முதல் 50 சதவீதம்; அதனுடன் 10 சதவீதமளவில் கல்சியமும் 5 சதவீதமளவில் பொஸ்பரஸும் வரும். இரத்தத் தூளிலும் இறகுத் தூளிலும் புரதம் 80 சதவீதத்துக்கு மேல். அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

100 கிலோ தீனில் நான் தாண்டாத அளவுகள் இவை: குஞ்சுக்கும் இறைச்சிக் கோழிக்கும் மீன்தூள் 8 கிலோ, முட்டைக் கோழிக்கு 5 கிலோ. இறைச்சி எலும்புத் தூள் 5 கிலோ. இரத்தத் தூள் 2 கிலோ. நீராவி அழுத்தத்தில் வெந்த இறகுத் தூள் 2, மிஞ்சினால் 3 கிலோ. எதையும் ஒரே நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோவதில்லை. ஐந்தாறு நாட்களில் பழைய தீனுடன் கலந்து ஏற்றுகிறேன்.

கூளம் நனைகிறது, கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது

நம் பக்கத்தில் அதிகம் வரும் கோளாறு இதுதான். மாரியில் கூரை ஒழுகியும் நனையும், தண்ணீர்ப் பாத்திரம் சரிந்தும் நனையும். அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு எச்சத்தைப் பாருங்கள். இரத்தம் கலந்திருந்தால் அது கொக்சிடியோசிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம், வைத்தியரைக் கேளுங்கள். இரத்தம் இல்லை, எச்சம் தெளிந்த தண்ணீராகப் போகிறது, வைத்த தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது என்றால் உப்பைச் சந்தேகியுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ தீனுக்கு மொத்தம் 300 கிராம் அளவு உப்புப் போதும். நீங்கள் வாங்கிய தூளில் 12 சதவீதம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ தூளைப் போடும்போதே 960 கிராம் உப்பு உள்ளே போய்விட்டது. வழக்கப்படி 300 கிராமைத் தனியாகவும் போட்டால் 1,260 கிராம், தேவையைப் போல நாலு மடங்கு. வளர்ந்த கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்து வெளியேற்றிவிடும். கூளம் நனைவது அதனால்தான். குஞ்சுக்கு அந்தச் சக்தி இல்லை. வயிற்றில் நீர் கோத்து வீங்கும், மூச்சு வாங்கும், செத்துப்போகும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. 100 கிராம் தூளை ஒரு லீற்றர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியில் வடியுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி. மூன்றையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். அரைத் தேக்கரண்டித் தண்ணீரின் சுவை என்றால் தூளில் உப்பு 3 சதவீதமளவு. அது நல்ல தூள். இரண்டு தேக்கரண்டித் தண்ணீரைப் போல் கரித்தால் 10 சதவீதத்துக்குக் குறையாது; அது கருவாடு. ஆய்வுகூடத்தின் துல்லியம் இதில் கிடையாது. ஆனாலும் 3 சதவீதத்தையும் 10 சதவீதத்தையும் பிரித்தறிய நாக்குப் போதும். கொதிக்கவைக்காமல் மட்டும் வாயில் வைக்காதீர்கள்.

கிணற்றையும் மறக்க வேண்டாம். நாவலடி, கல்லடி, கல்லாறு போன்று கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலங்களில் மழை தொடங்கும் முன் சில கிணறுகள் உவர்க்கும். மாரியில் சரியாக இருந்த அதே தீன் ஆவணியில் கூளத்தை நனைக்கிறது என்றால், மாறியது மூடையா தண்ணீரா என்று இரண்டையும் சோதியுங்கள்.

என்ன செய்வது? அந்தத் தீனை அன்றே நிறுத்துங்கள். உப்பில்லாத நல்ல தண்ணீரை எப்போதும் வையுங்கள். தண்ணீரே இல்லாமல் காய்ந்து கிடந்த குஞ்சுகளுக்கு மட்டும் ஒரேயடியாக நிறைத்து வைக்காமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். மூடையை எறிய வேண்டியதில்லை. உப்பைத் தவிர வேறு குற்றம் இல்லை என்று உறுதியானால், வளர்ந்த முட்டைக் கோழியின் தீனில் 100 கிலோவுக்கு 2 கிலோ வீதம், தனி உப்பு எதுவும் போடாமல் கலந்து தீர்த்துவிடலாம்; அந்த 2 கிலோவிலேயே 240 கிராம் உப்பு இருக்கிறது. கருவாடாகவே கிடைத்தால், அரைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து மீண்டும் காயவைத்தால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். கொஞ்சம் புரதமும் கூடவே போகும். அந்த நட்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தின்கிறது, ஆனால் வளரவில்லை

மனதை வருத்தும் கோளாறு இது. எதுவும் சாவதில்லை, எதுவும் வெளியே தெரிவதில்லை. பையின் மேல் புரதம் சரியாக எழுதியிருக்கிறது, நீங்களும் கணக்குப் பார்த்து 22 சதவீதம் வரும்படிதான் கலந்தீர்கள். ஆனாலும் மூன்று வாரக் குஞ்சு இரண்டு வாரக் குஞ்சைப் போல் நிற்கிறது.

முதற் சந்தேகம் மணல். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டுக் கலக்குங்கள். சற்று நேரம் கழித்து மேலே இருப்பதை மெதுவாக ஊற்றிவிடுங்கள். அடியில் தங்கியதை விரலால் கண்ணாடியில் தேய்த்தால் மணல் நறநறவென்று கீறும். எலும்புத் துண்டு அப்படிக் கீறாது. அதன்மேல் கொஞ்சம் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் சிப்பிக் கோதும் நண்டோடும் கலந்திருக்கின்றன. மணலில் பரப்பிக் காயவைத்த மீனில் ஓரளவு மணல் வரத்தான் செய்யும். ஆனால் மூடையை நிறுத்துத்தானே காசு கொடுக்கிறோம்.

இரண்டாவது சந்தேகம் யூரியா. ஆய்வுகூடத்தில் மொத்தப் புரதத்தை நேராக அளப்பதில்லை; நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆகவே அந்தக் கணக்கில் ஒரு கிலோ யூரியா ஏறத்தாழ 2.9 கிலோ புரதமாகத் தோன்றும். 50 கிலோ மூடையில் ஒரே ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் 50 சதவீதப் புரதம் 55 சதவீதத்தைத் தொடுகிறது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். கோழியால் அது முடியாது.

இதையும் வீட்டில் பிடிக்கலாம். வறுக்காத, அவிக்காத பச்சைச் சோயா விதையை மாவாக இடியுங்கள். மூடியுள்ள இரண்டு போத்தல்கள் எடுத்து, இரண்டிலும் இரண்டு தேக்கரண்டி தூளும் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சோயா மாவைச் சேருங்கள். மூடி அரை மணி நேரம் வைத்துத் திறந்து மணந்து பாருங்கள். சோயா போட்ட போத்தலில் மட்டும் அமோனியா மூக்கில் ஏறினால் யூரியா இருக்கிறது. பச்சைச் சோயாவிலுள்ள நொதியம் அதை உடைத்துவிடுகிறது. இரண்டிலும் நாறினால் அது யூரியா அல்ல, மீன் அழுகியிருக்கிறது. அந்த இரண்டாவது போத்தல் அதற்காகத்தான். அது இல்லாமல் செய்து நல்ல வியாபாரி ஒருவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, புரதம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் கோழிக்கு உதவவில்லை. இங்கேதான் இரத்தத்தையும் இறகையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

இறகு முழுவதும் கெரட்டின். அதன் கட்டுகளை உடைக்க நீராவியும் அழுத்தமும் வேண்டும். வீட்டுப் பானையில் அவித்தால் இறகு அவியாது. காயவைத்து அரைத்த பச்சை இறகு, கணக்கில் 80 சதவீதப் புரதம். கோழிக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும். கையில் எடுத்து வெயிலில் பாருங்கள்: சரியாக வெந்த இறகுத் தூள் பழுப்பு நிறத்தில் நொறுங்கும். இழை இழையாக இறகின் வடிவம் தெரிந்தால் வாங்காதீர்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்தது; நன்றாக வெந்த இறகிலும் லைசின், மெதியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு.

இரத்தத் தூளில் லைசின் நிறைய இருக்கிறது. ஆனால் ஐசோலியூசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் மிகக் குறைவு. கிடுகுக் கூரையில் ஒரு கிடுகு இல்லாவிட்டால் மழை அந்த ஓட்டையால்தான் இறங்கும். மற்றக் கிடுகுகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அது உதவாது. அமினோ அமிலங்களும் அப்படித்தான். மீன்தூள் விலை ஏறியபோது, 'இரத்தத் தூளில் புரதம் அதிகம்தானே' என்று 5 கிலோ மீன்தூளுக்குப் பதிலாக 4 கிலோ இரத்தத் தூளைப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். புரதக் கணக்குச் சரியாகத்தான் வந்தது; குஞ்சு வளரவில்லை. 2 கிலோவுடன் நிறுத்தி, மிகுதியைச் சோயாப் புண்ணாக்கால் ஈடுசெய்யுங்கள். இரத்தத்தைச் சட்டியில் கருக வறுத்திருந்தால் அந்த லைசினும் பயன்படாமல் போய்விடும். நல்ல தூள் செங்கபில நிறம், கரித்தூளைப் போல் கறுத்திருப்பது கருகியது.

வாவி இறாலின் தலையைக் காயவைத்து அரைப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஓட்டிலுள்ள கைட்டினின் நைதரசனும் புரதக் கணக்கில் ஏறிவிடும். அந்த எண்ணை முழுவதும் நம்ப வேண்டாம்.

பெரிய அளவில் வாங்குகிறவர்கள் இவற்றோடு நிற்காமல் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பும் வழியைப் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். மொத்தப் புரதத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். ஈரப்பதன், உப்பு, அமிலத்தில் கரையாத சாம்பல், பெப்சின் என்ற செரிமான நொதியத்தில் செரிக்கும் அளவு ஆகியவற்றையும் கேளுங்கள். கரையாத சாம்பல் மணலைச் சொல்லும். பெப்சின் அளவு பச்சை இறகைக் காட்டிக்கொடுக்கும். விலங்குணவின் தயாரிப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்த 1986ஆம் ஆண்டிலேயே 15ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கினால் அந்தச் சட்டம் இருந்தும் உங்களுக்கு உதவாது.

வாயிலிருந்து கறுப்பு நீர் வடிகிறது

இறைச்சிக் குஞ்சுகள் சோர்ந்து நிற்கும். தூக்கித் தலைகீழாகப் பிடித்தால் சொண்டிலிருந்து கோப்பித் தண்ணீரைப் போல் கறுப்பாக வடியும். செத்ததை வெட்டிப் பாருங்கள். தீனை அரைக்கும் தடித்த தசைப்பையை நாம் கறிக்குத் துப்புரவு செய்யும்போது உள்ளே மஞ்சள் தோல் ஒன்றை உரிப்போம் அல்லவா, அந்தத் தோல் கறுத்து வெடித்து, தொட்டால் பிய்ந்து வரும்.

மீன் கருகியிருக்கிறது. சூரை, கும்புளா, கீரி, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். அதையே பிறகு நெருப்பில் கடுமையாக வாட்டும்போது ஹிஸ்டமினும் லைசினும் சேர்ந்து கிசரோசின் என்ற நஞ்சாக மாறுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983இல் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இது வயிற்றில் அமிலத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கச் செய்து, அந்தத் தோலை அரித்துவிடும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காமல் தகரத்தின் மேல் போட்டு அடியில் நெருப்பு மூட்டிக் காயவைத்த தூளில் இந்த ஆபத்து அதிகம்.

தூளை மணந்து பாருங்கள். நல்ல மீன்தூள் இளம் பழுப்பு, காய்ந்த மீனின் மணம். கரும்பழுப்பு நிறமும் தீய்ந்த மணமும் இருந்தால் குஞ்சுக்கு ஒரு கைப்பிடிகூட வேண்டாம். பெரிய கோழிக்கும் வேண்டாம். இதை நீர்த்துப்போகச் செய்து தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்பு மூடைக்குச் சொன்ன விதி இதற்குப் பொருந்தாது. பூஞ்சணம் பிடித்த சோளமும், மிகையான துருசும் (செப்பு சல்பேற்று), சில வைரஸ் நோய்களும் இதே புண்ணை உண்டாக்கும். மீன்தூளை நிறுத்தியும் புதிதாக நோய்ப்படுகின்றன என்றால் வைத்தியரிடம் போங்கள்.

தீன் பெட்டியில் மிஞ்சுகிறது

இரத்தத் தூள் அதிகமானால் கோழி விரும்பாது. மிக நுண்ணிய தூளாக இருந்தாலும் சொண்டில் ஒட்டும். சற்றுக் கரடாக அரையுங்கள். எண்ணெய் கெட்ட சிக்கு மணம் வருகிறதா என்றும் பாருங்கள். ஆனால் அரிசி ஆலையிலிருந்து வரும் தவிட்டிலும் எண்ணெய் உண்டு, அதுவும் சில வாரங்களில் சிக்கடிக்கும். மீன்தூளையும் தவிட்டையும் தனித்தனியாக மணந்த பிறகே குற்றவாளியைச் சொல்லுங்கள்.

கழுத்துத் துவள்கிறது, குஞ்சு பின்பக்கம் விழுகிறது

மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒன்றுபோல் தெரியும் இடம் இது. அவசரப்படாமல் பாருங்கள்.

கழுத்து முறுகித் திருகிக்கொண்டிருக்கிறது, பச்சையாகக் கழிகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது என்றால் அது ரணிக்கெட் என்ற வைரஸ் நோய். தீனைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்காமல் அன்றே வைத்தியரை அழையுங்கள்.

கழுத்து முறுகவில்லை, துணியைப் போல் தொங்கி நிலத்தில் கிடக்கிறது. இறக்கை தளர்ந்து, இமை பாதி மூடி, இறகு இழுத்தால் கையோடு வருகிறது. ஆனால் கோழிக்கு நினைவு இருக்கிறது. இது போட்டுலிசம். அழுகிய மீன் கழிவிலும் செத்த கோழியிலும் இந்த நஞ்சு உண்டாகும். அதில் நெளியும் புழுவிலும் சேர்ந்திருக்கும். சந்தையிலிருந்து மீன் கழிவை வாளியில் கொண்டுவந்து, பச்சையாகவே முற்றத்தில் கொட்டுவது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. காசு மிச்சம் என்றுதான் செய்கிறார்கள், தெரியாமல் செய்கிறார்கள். எறிந்து மூன்று நாட்களுக்குப் பின் மூலையில் மிஞ்சிய துண்டு கோழியைக் கொன்றுவிடும். முற்றத்தைத் தேடிச் செத்தவற்றையும் கழிவையும் ஆழப் புதையுங்கள். நோய்ப்பட்டவற்றுக்கு நிழலும் தண்ணீரும் கொடுங்கள், சில தேறும்.

இரண்டு முதல் நாலு வாரக் குஞ்சு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கால் நீட்டி விழுகிறது, தள்ளாடுகிறது என்றால் விற்றமின் ஈ தீர்ந்திருக்கிறது. சிக்கடித்த மீன் எண்ணெய் தீனிலுள்ள விற்றமின் ஈயை அழித்துவிடும். தீனை மாற்றி, தண்ணீரில் கரையும் விற்றமின் ஈ கொடுத்தால் ஆரம்பத்தில் உள்ளவை பிழைக்கும்.

கழிவைத் தூளாக்க விரும்புகிறவர்கள் அன்றே, புதிதாக இருக்கும்போதே, அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் பிழிந்து, உயரப் பரணில் படங்கு விரித்துக் காயவைத்து அரையுங்கள். நாலு ஐந்து கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ தூள்தான் தேறும். கொதித்ததும் சல்மொனெல்லா என்ற கிருமி செத்துவிடும். ஆனால் காயும்போது காகமும் எலியும் பல்லியும் நடந்தால் மீண்டும் வந்துவிடும். பழைய வலை ஒன்றை மேலே கட்டுங்கள். கோழிக்கடைக் கழிவைக் கோழிக்கே பச்சையாகப் போடுவதை மட்டும் கைவிடுங்கள். எங்கோ ஒரு பண்ணையின் நோயை உங்கள் கொட்டகைக்கு நீங்களே சுமந்து வருகிறீர்கள்.

முட்டை ஓடு மெலிகிறது

இறைச்சி எலும்புத் தூள் போடத் தொடங்கிய பிறகு ஓடு மெலிந்தால் இரண்டு தவறுகளில் ஒன்று நடந்திருக்கும்.

ஒன்று, பொஸ்பரஸுக்காகத் தீனில் போடும் டீசீபியை (டைகல்சியம் பொஸ்பேற்று) குறைக்க மறந்திருப்பீர்கள். 5 கிலோ எலும்புத் தூளில் 250 கிராம் பொஸ்பரஸ் இருக்கிறது. வழக்கமான 2 கிலோ டீசீபியில் இன்னொரு 360 கிராம். பொஸ்பரஸ் மிஞ்சினால் ஓட்டுக்குக் கல்சியம் சேர்வது தடைப்படும். டீசீபியை 600 கிராமுக்குக் குறையுங்கள்.

மற்றது, எலும்பில்தான் கல்சியம் இருக்கிறதே என்று சிப்பியைக் குறைத்திருப்பீர்கள். அந்த 5 கிலோவில் வருவது அரைக் கிலோ கல்சியம். முட்டையிடும் கோழியின் 100 கிலோ தீனுக்கு மூன்றரை முதல் நாலு கிலோ கல்சியம் வேண்டும். சிப்பியில் கை வைக்காதீர்கள். அதே தீனை முட்டையிடாத இளங்கோழிக்குப் போடவும் வேண்டாம். அவ்வளவு கல்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இறைச்சித் தூள் எந்த விலங்கினுடையது என்று கேட்டு வாங்குங்கள். நம் முட்டையும் கோழியும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் கல்முனைக்கும் போகின்றன. பன்றி சார்ந்தது கலந்திருக்கிறதா என்பது வாங்குகிறவரின் நம்பிக்கை சார்ந்த கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல உங்களால் முடிய வேண்டும். இந்தத் தீனில் மிஞ்சியதை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைக்காதீர்கள். பித்த மாட்டு நோய் இங்கிலாந்தில் பரவியது மாட்டின் இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே போட்டதால்தான். படுவான்கரையில் கோழிக் கொட்டகையும் மாட்டுப் பட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூடைகளைப் பிரித்து வையுங்கள்.

ஒன்றையொன்று கொத்துகின்றன

திருக்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, நீங்கள் சொன்னபடி அந்த உப்பு மீன்தூளை முழுவதும் நிறுத்திவிட்டேன். கூளம் காய்ந்துவிட்டது. ஆனால் இப்போது வாலடியில் கொத்தி இரத்தம் வருகிறது."

"மீன்தூளை எடுத்த பிறகு உப்பைத் திரும்பப் போட்டீர்களா, தம்பி?"

"இல்லை அக்கா. உப்பு என்றாலே பயமாக இருந்தது."

அதுதான் காரணம். மீன்தூள் இருந்தபோது தனி உப்பை நிறுத்தியிருந்தார். மீன்தூளும் போனதும் தீனில் உப்பே இல்லை. உப்புக் குறைந்தால் கோழி இரத்தத்தையும் இறகையும் தேடும். மெதியோனின் குறைந்தாலும் அப்படித்தான். 5 கிலோ நல்ல மீன்தூளில் ஏறத்தாழ 85 கிராம் மெதியோனின் இருக்கும். அந்த இடத்தில் 7 கிலோ சோயாப் புண்ணாக்கைப் போட்டாலும் பாதிதான் வரும். 300 கிராம் உப்பையும், கடையில் கிடைக்கும் மெதியோனினில் 50 கிராமையும் போடச் சொன்னேன். காயப்பட்டவற்றைப் பிரித்தும் வைத்தார். ஒரு வாரத்தில் அடங்கியது. நெரிசலும் கடும் வெளிச்சமும் இருந்தால் தீன் மட்டும் உதவாது.

முட்டையில் மீன் மணம்

எல்லா முட்டையிலும் மணந்தால் மீன்தூளின் அளவும் எண்ணெயும் கூடிவிட்டன. 3 கிலோவுக்கு இறக்குங்கள். ஒரு சில பழுப்பு முட்டையில் மட்டும் என்றால் அது கோழியின் பிறவிக் குணம். சில பழுப்பு முட்டைக் கோழிகளுக்கு மீன் மணத்தைத் தரும் டிரைமெத்தில் அமீனை உடைக்கும் நொதியம் போதாது. இறைச்சிக் கோழிக்கு, விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே மீன்தூளை நிறுத்துங்கள். முட்டைத் தட்டுகளை மீன்தூள் மூடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். ஓட்டின் நுண்துளை வழியாக மணம் உள்ளே போகும்.

மூடை சுடுகிறது

மூடைக்குள் கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் மீன் எண்ணெய் காற்றுடன் சேர்ந்து சூடேறுகிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. ஈரப்பதன் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உடனே நிழலில் படங்கு விரித்து மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுங்கள். அப்படியே அடுக்கி வைத்தால் தானாகவே தீப்பிடித்த மீன்தூளும் உண்டு. ஆறிய பிறகு தீய்ந்த மணமோ பூஞ்சணமோ இருந்தால் தென்னைக்குப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். மணம் நன்றாக இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

மூடைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகைமேல் அடுக்குங்கள். ஐப்பசி பிறந்தால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். மாரி முடிந்து, தை மாத நடுவில் வெயில் நிலைத்த பிறகுதான் மறுபடி மொத்தமாக ஏற்றுகிறேன்.